மவுஸில் கலைந்த சந்தனம்

விஜயதசமியன்று காலை புனர்பூஜை முடிந்தது. கற்பூரம் அணைந்ததும் பலகையின் மேல் போர்த்தியிருந்த பட்டுத்துணியை விலக்கி, கேமராவையும் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது மவுஸ். அதன் இடது பொத்தானில் நான் முந்தின நாள் வைத்த சந்தனக் குங்குமப் பொட்டைக் காணோம். பொட்டு இருந்த இடத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு தேய்ப்பு மட்டும் இருந்தது.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையன்று புத்தகம், பேனா, தொழிலுக்கு உதவும் சாமான் எதையும் தொடக் கூடாது. எல்லாம் பலகைமேல் ஏறிவிடும். மறுநாள் மறுபடி பூஜை செய்த பிறகுதான் கைக்கு வரும். நான் கல்யாண போட்டோ எடுப்பவள் என்பதால் கேமராவும், படங்கள் இருக்கும் கையகல ஹார்ட் டிஸ்க்கும் புத்தக அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. கம்ப்யூட்டரைத் தூக்கி வைக்க முடியாது. அதற்கு இருந்த இடத்திலேயே திரையின் மூலையிலும் பெட்டியின் முகப்பிலும் மவுஸிலும் பொட்டு. டாக்குரியாவில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் வங்காளி மாமி, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுபவர், வருஷா வருஷம் இதை வந்து பார்த்துவிட்டுப் போவார். வங்காளிகளுக்குச் சரஸ்வதி பூஜை குளிர் முடிகிற சமயத்தில்தான், இப்போது துர்க்கா பூஜை. துர்க்கையோடு அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் மகள் சரஸ்வதியைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் வேலை வாங்குகிறீர்களே என்று என்னைக் கேலி செய்வார்.

வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். ஆகவே தொட்டது யார் என்பதில் துப்பறிய ஒன்றுமில்லை. எதற்காகத் தொட்டார் என்பதுதான் கேள்வி. காலண்டர் பார்க்காமல் முகச்சவரம்கூடச் செய்துகொள்ளாத மனிதர் அவர். பூஜையன்று கம்ப்யூட்டரைத் தொடுவதென்றால் அதற்குப் பெரிய காரணம் இருக்க வேண்டும்.

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு என்று என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. பேங்க்கில் இருபது வருஷத்துக்கு மேல் கையெழுத்து சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவள். ஒரு சுழி மாறியிருந்தால் போதும், நிமிர்ந்து ஆளைப் பார்ப்பேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கேமராவைத் தூக்கிய பிறகும் அந்தக் குணம் என்னோடுதான் வந்தது.

அவரிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், காய்ந்து உதிர்ந்திருக்கும் என்றார். காய்ந்து உதிர்ந்தால் பொடிப்பொடியாகக் கீழே கிடக்கும், இப்படி இழுபட்டுத் தேய்ந்திருக்காது. தவிர, உப்புமாவில் கடுகு வெடிக்காததற்கே என்னிடம் விளக்கம் கேட்பவர், இதற்கு மட்டும் விளக்கத்தைத் தயாராகக் கையில் வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

போட்டோ திருத்தும் மென்பொருள் திறந்ததுமே, புதிய பதிப்புக்கு நல்வரவு என்று ஒரு பெரிய படத்தைக் காட்டியது. நான் எந்தப் புதிய பதிப்பையும் கேட்கவில்லை. அந்தப் படத்தை மூடினேன். பின்னால் வரிசை வரிசையாக என் தோழியின் பெண்ணுடைய கல்யாணப் படங்கள் இருந்தன. எல்லாம் இருட்டு. ஒரு மாதமாக நான் உட்கார்ந்து செய்த திருத்தம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்தன்று கேமராவிலிருந்து இறக்கியபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. எந்தப் படத்தில் என்னென்ன செய்தோம் என்று காட்டும் பகுதியைத் திறந்து பார்த்தேன். படம் ஏற்றப்பட்டது என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அந்தத் திருத்தம் எதற்கு என்று சொல்ல வேண்டும்.

என் தோழியும் நானும் ஒரே பேங்க்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர்கள். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறாள். பெண் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவள் கணவர் காலமாகிவிட்டார். தனியாக வளர்த்து, படிக்க வைத்து, ஆவணியில் கல்யாணம் செய்தாள். செய்தாள் என்று நான் சொல்கிறேன். மேடையில் செய்தது கணவரின் அண்ணாவும் மன்னியும். பெண் பெரியப்பா மடியில் உட்கார்ந்துதான் தாலி வாங்கிக்கொண்டாள். பெற்றவள் மேடைக்குப் பக்கவாட்டில், பூ சுற்றிய தூணுக்குப் பின்னால் நின்றாள். இந்தக் காலத்திலுமா என்று கேட்பவர்கள் ஒரு கல்யாணத்துக்கு வந்து மேடையைப் பார்க்காமல் மேடையின் ஓரத்தைப் பார்க்கலாம். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். முகூர்த்த நேரம் நெருங்கியதும் அவளே நகர்ந்துகொண்டாள்.

வீடியோக்காரரின் விளக்கு மேடைமேல் மட்டும் அடித்தது. தூணுக்குப் பின்னால் இருட்டு. ஆனால் நான் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் பெண்ணுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவே, தோள்களுக்கு இடையில், அவள் நிழலாக இருந்தாள். இருட்டு என்று நாம் நினைக்கிற இடத்திலும் கேமரா கொஞ்சம் பார்த்து வைத்திருக்கும். அதைப் பொறுமையாக வெளியே கொண்டுவர முடியும். அவசரப்பட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் முகம் புள்ளி புள்ளியாகச் சாம்பல் பூத்துப்போகும். கன்னத்துக்கு ஒரு அளவு, புடவைக்கு ஒரு அளவு, கண்ணுக்கு ஒரு அளவு என்று நான் ஒவ்வொரு படத்திலும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தேன். கேட்டது அவள்தான். கல்யாணத்துக்கு மறுநாள் என்னிடம் வந்து, யாருக்கும் தெரியாமல் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். ஆல்பத்தில் நானும் இருக்கணும், அது ஒண்ணு போதும் என்றாள். பெண்ணின் தலை தீபாவளிக்குள் ஆல்பம் கையில் இருக்க வேண்டும் என்பது பேச்சு.

நடுவில் ஒரு தப்பு நடந்தது. தாலி கட்டும் படம் ஒன்றை ஆசையாகப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் அதைப் பெரியம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, இவள் அந்த நேரத்தில் அங்கே இல்லவே இல்லையே, எங்கேயோ எடுத்த முகத்தைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். நான் ஒட்டு வேலை செய்பவள் என்று பேராகிவிட்டது. என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பெரியப்பாவும் என் கணவரும் கார்டன் ரீச்சில் ஒரே ரயில்வே ஆபீஸ், தினமும் ஒரே காரில் போய் வருகிறவர்கள். நல்ல நாளும் அதுவுமாக மேடையில் அவள் முகம் எதற்கு, அவர்களுக்கு மனசு சங்கடப்படுகிறது, நீ கொஞ்சம் பார்த்துச் செய்யேன் என்று என் கணவர் என்னிடம் ஒருதரம் சொன்னார். நான் பாட்டுக்குத் திருத்திக்கொண்டே இருந்தேன். அவரும் அதற்குப்பின் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், மவுஸில் சந்தனம் கலைந்திருந்தால் நான் என்ன நினைப்பேன்?

இன்னொன்றும் இருந்தது. மென்பொருள் புதுப்பிப்பில் வேலை அழிந்தது என்றால் எல்லா வேலையும் அழிந்திருக்க வேண்டும். முந்தின வருஷத்துப் பூணூல் படங்கள், சீமந்தப் படங்கள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். செய்த திருத்தமெல்லாம் பளிச்சென்று அப்படியே இருந்தது. இந்த ஒரு கல்யாணம் மட்டும்தான் இருண்டு கிடந்தது. எங்கேயோ இருக்கும் கம்பெனிக்கு என் தோழிமேல் என்ன கோபம்?

கையும் களவுமாகப் பிடிக்காமல் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கேட்டால் இல்லை என்பார், அதோடு எல்லாம் முடிந்துபோகும். பேங்க்கில் கற்றுக்கொண்டது அது. ஆகவே இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தேன். ஒரு கண்ணால் மென்பொருளைப் பார்த்தேன், மற்றக் கண்ணால் அவரைப் பார்த்தேன்.

மென்பொருள் பக்கம் முயன்றதெல்லாம் வீண். அணைத்துப் போட்டேன். ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிச் செருகினேன். அதற்குள் இருந்த படங்களை நேரடியாகத் திறந்தும் பார்த்தேன். அவையும் இருட்டாகவே இருந்தன. அதைப் பார்த்ததும்தான் நம்பிக்கை விட்டுப்போயிற்று. கம்பெனியின் உதவிப் பக்கத்தில் அரட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. மிகவும் வருந்துகிறோம், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்றது. பார்த்தேன் என்றேன். மிகவும் மகிழ்ச்சி, இன்னொரு முறை பாருங்கள் என்றது. எதிரில் இருந்தது மனிதரா இயந்திரமா என்று தெரியவில்லை. இணையத்தில் என்னைப்போல ஊர் ஊராக அழுதுகொண்டிருந்தார்கள். பழைய பதிப்புக்குத் திரும்பினால் சரியாகும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். திரும்பினேன். புதியதில் திறந்ததைப் பழையதில் திறக்க முடியாது என்றது. மறுபடி புதியதுக்கே போனேன்.

கணவர் பக்கம் முன்னேற்றம் இருந்தது. எப்போதும் கூடத்தில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி போன் பேசுகிறவர், பால்கனிக்குப் போய்ப் பேசினார். இனிப்பு என்றாலே சர்க்கரை வியாதியைப் பற்றிப் பிரசங்கம் செய்பவர், தானாகப் போய் ஒரு பெட்டி சந்தேஷ் வாங்கிவந்தார். விஜயதசமி கழிந்த விஜயா சமயத்தில் ஊரே இனிப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறது, அதில் தப்பில்லை. ஆனால் எனக்கு என்று தனியாக ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது நடந்ததில்லை. குற்றமுள்ள நெஞ்சு இனிப்பு கொடுக்கும் என்று எடுத்துக்கொண்டேன். சந்தேஷையும் எடுத்துக்கொண்டேன். நல்ல சந்தேஷ்.

மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் திருத்த நேரமில்லை. பூஜை விடுமுறை முடிந்து லக்ஷ்மி பூஜை கழிந்ததும் அச்சகம் திறக்கும். உடனே கொடுத்தால்தான் தீபாவளிக்கு ஆல்பம் வரும். தோழியிடம் சொல்லாமல் இருக்க முடியாது. லேக் மார்க்கெட்டுக்குப் போனேன்.

அவள் மாப்பிள்ளைக்கு என்று முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள். புதுப்பிப்பு வந்தது, திருத்தமெல்லாம் போய்விட்டது என்று சொன்னேன். என் கணவர்மேல் எனக்கிருந்த சந்தேகத்தைச் சொல்லவில்லை. நிரூபிக்காமல் வீட்டுக்காரரை எப்படிக் காட்டிக்கொடுப்பது? அவள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"எல்லாரோட போட்டோவுமா போயிடுத்து?"

பொய் சொல்ல வரவில்லை. இல்லை, இந்தக் கல்யாணம் மட்டும்தான் என்றேன்.

"என் பொண்ணு கல்யாணம் மட்டும்," என்றாள். சல்லடையை மறுபடி கையில் எடுத்தாள். "சரி விடு. அப்டேட்டுதானே. நீ என்ன பண்ணுவே."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கவுன்டரில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த பிறகு, எதிரில் நிற்பவரிடம் நாங்கள் மரியாதையாகப் பேசும் குரல் அது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நானும் அவளும் சேர்ந்து பழகிய குரல். அவள் என்னை நம்பவில்லை. அவள் கணவரின் அண்ணா வீட்டார் சொல்லி, என் கணவர் என்னிடம் சொல்லி, நான் வளைந்துகொடுத்துவிட்டேன், அதை மறைக்கக் கம்ப்யூட்டர்மேல் பழி போடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவளை ஒருத்தி சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சத்தியம் செய்யலாமா என்று தோன்றியது. செய்தால் இன்னும் பொய்யாகத்தான் தெரியும். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கையாவது களவாவது என்று ஆகிவிட்டது. அவர் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளேகூட வரவிடவில்லை. பூஜையன்று கம்ப்யூட்டரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் உதிர்ந்திருக்கும் என்கிற கதையெல்லாம் அவருக்கு வரவில்லை.

சொன்னார். அன்று சாயங்காலம் நான் ஒரு வீட்டுக் கொலுவுக்குத் தாம்பூலம் வாங்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் பெரியப்பா போன் செய்திருக்கிறார். ஆல்பம் அச்சுக்குப் போவதற்குள் அதில் என்னதான் இருக்கிறது என்று ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். இவருக்குத் தட்ட முடியவில்லை. சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டாராம். மென்பொருள் என்னவோ புதிதாக இறக்கிக்கொண்டதாம். பிறகு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ கேட்டதாம். முப்பது வருஷமாக வந்த ஃபைலிலெல்லாம் சம்மதம் என்று எழுதிப் பழகியவர், அதற்கும் சம்மதம் கொடுத்துவிட்டார். படங்கள் வந்தன. பார்த்தார். மூடிவிட்டார். அவ்வளவுதான் என்றார்.

நான் நம்பவில்லை. அவர்கள் சொன்னதற்காக வேண்டுமென்றே அழித்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் முகம் சிவந்துபோயிற்று.

"அழிக்கணும்னே நெனச்சேன்னு வெச்சுக்கோ. எனக்கு அழிக்கத் தெரியுமா?" என்றார். "நான் பாத்தப்பவே எல்லாம் இருட்டாத்தான் இருந்தது. அவ ஒரு போட்டோலயும் இல்லே. அதைத்தான் அவர்கிட்ட சொன்னேன். கவலைப்படாதீங்கோ, அவ எங்கேயுமே இல்லேன்னு."

அதைக் கேட்டு எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பார்த்தப்பவே இருட்டாக இருந்ததாம். அந்தப் பொய்யைப் பிரித்துக் காட்டுகிறேன் என்று அன்று நடந்ததை வரிசையாகக் கேட்கத் தொடங்கினேன். நான் கிளம்பும்போது பூஜை முடிந்திருந்ததா? முடிந்திருந்தது. பலகையில் எதையாவது தொட்டீர்களா? அது எப்படித் தொடுவேன், தெய்வக் குற்றம் இல்லையா என்றார். கம்ப்யூட்டரைத் தொட்டது குற்றமில்லையா என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"டிஸ்க் பூஜையில இருந்துது. பட்டுத்துணிக்கு அடியில. அப்ப நீங்க பாத்தது எந்தப் போட்டோ?"

அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது. கல்யாணப் படங்களை முதலில் கம்ப்யூட்டருக்குள்தான் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் இடம் போதவில்லை. டிஸ்க் வாங்கி, பழைய வேலை புதிய வேலை எல்லாவற்றையும் அதில் நகல் எடுத்துவைத்து, அதற்குப்பின் அதிலேயே வேலை செய்தேன். கம்ப்யூட்டருக்குள் இருந்த பிரதி அப்படியே கிடந்தது. அதில் பூணூல் இருக்கும், சீமந்தம் இருக்கும், திருத்தாத கல்யாணமும் இருக்கும். இந்த மென்பொருள் படத்துக்குள் எதையும் எழுதுவதில்லை. செய்த திருத்தங்களையெல்லாம் கேட்டலாக் என்று தனியாக ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் டிஸ்க்கில் படங்களை நேரடியாகத் திறந்தபோதும் அவை இருட்டாக இருந்தன. புதுப்பிப்பு வந்த அன்று என்னுடைய கேட்டலாக் சாமி முன்னால் உட்கார்ந்திருந்தது. தேடிப் பார்த்துக் கிடைக்காத மென்பொருள், கம்ப்யூட்டருக்குள் கிடந்த பழைய கேட்டலாக்கைத் திறக்கட்டுமா என்று கேட்டது. இவர் சம்மதம் கொடுத்தார். அன்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கை நான் செருகினாலும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

செருப்போடு அவரை வாசலில் விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மென்பொருளில் வேறு கேட்டலாக்கைத் திற என்று ஒரு வசதி இருக்கிறது. டிஸ்க்குக்குள் போய் அதைக் காட்டினேன். புதிய பதிப்புக்கு மாற்றட்டுமா என்று கேட்டது. மாற்று என்றேன். கோடு ஒன்று மெதுவாக நகர்ந்தது. அது நகர்ந்து முடிகிற வரையில் எந்தெந்தச் சாமிக்கு என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போது சொன்னால் கடனாகிவிடும். திரை ஒருதரம் வெறிச்சென்று போய்த் திரும்பி வந்தது. எல்லாப் படங்களிலும் என் தோழி இருந்தாள்.

அவர் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். ஒட்டு வேலை என்று சொன்னார்களே, பாருங்கள் என்று தாலி கட்டும் படத்தில் என் திருத்தத்தை எடுத்துவிட்டேன். தூணோரம் இருண்டது. மறுபடி போட்டேன். இருட்டிலிருந்து அவள் முகம் வந்தது. எடுத்தேன், போட்டேன். நான் வைத்தது எதுவுமில்லை, அவள் அங்கேதான் நின்றாள் என்று அவருக்குப் புரிகிற வரை செய்து காட்டினேன். கைகூப்பியபடி நின்றிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது படத்திலேயே தெரியும்.

"நான் முன் வரிசையிலதான் உக்காந்திருந்தேன்," என்றார் அவர். குனிந்து திரையை இன்னொருதரம் பார்த்துவிட்டு, "நானும் பாக்கலே," என்றார்.

வாசலில் நிற்கவைத்துச் சொன்னது அதிகம்தான் என்று அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அழிக்கத் தெரிந்திருந்தால் அழித்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆனால் மறுநாள் காரில் போகும்போது பெரியப்பாவிடம், அவள் எல்லாப் படத்திலும் இருக்கிறாள், நின்றவள்தானே இருப்பாள் என்று சொன்னாராம். அதை அவர்தான் என்னிடம் சொன்னார். சாட்சி யாருமில்லை. பெரியப்பா அதற்குப்பின் ஒரு வாரம் பஸ்ஸில் போனார் என்பதால் நம்பினேன்.

தோழிக்கு உடனே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. என்னைப் போய் நம்பாமல் போனாளே என்கிற ரோஷம். ஆல்பம் கையில் வரட்டும், பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள்தான் அச்சகத்திலிருந்து ஆல்பம் வந்தது. மறுநாள் ஊருக்குக் காளி பூஜை, எங்களுக்குத் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியத்தைத் தின்று, காலையிலேயே லேக் மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். தோழிதான் கதவைத் திறந்தாள். கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்டோம். அதோடு உள்ளே போய்விட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் புதுத்துணியில் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்பத்தைப் பெண்ணிடம் கொடுத்தேன்.

அவள் முதலில் வேகமாகப் புரட்டினாள். பிறகு நிறுத்தி, முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். அதன்பின் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். பார்த்து முடிக்காமலே தலையைத் தூக்கினாள்.

"அம்மா, நீதானே ஆல்பத்துல நீ வேண்டாம்னு சொன்னே? மாமிகிட்ட சொல்லி எடுத்துடச் சொல்லிட்டேன்னியே."

நான் தோழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முறுக்குத் தட்டை மேஜைமேல் வைத்தாள், நகர்த்தி வைத்தாள், மறுபடி பழைய இடத்திலேயே வைத்தாள். நான் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போன அன்றே பெண்ணுக்குப் போன் செய்து அப்படிச் சொல்லியிருக்கிறாள். மாமியான நானும் கைவிட்டுவிட்டேன் என்று தெரிந்தால் பெண் பெரியப்பாவோடு சண்டைக்குப் போவாள், தலை தீபாவளி கெட்டுப்போகும் என்று அந்தப் பழியைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் ரோஷத்தில் போன் செய்யாமல் இருந்த நாளெல்லாம், தான் இல்லாத ஆல்பத்தைப் பெண்ணோடும் மாப்பிள்ளையோடும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்க்க அவள் மனசைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"நீ பொய் சொல்றேன்னுதான் நெனச்சேன்," என்று என்னிடம் சொன்னாள். "வேற எப்படி நெனைக்கறது, சொல்லு."

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு நிமிஷம்கூட நம்பியிருக்க மாட்டேன்.

பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். தோழி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஆல்பத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெண்ணின் கூறைப்புடவையைப் பார்க்கவில்லை, மாலையைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் தூணோரத்தில் தன்னைத் தேடி, கிடைத்ததும் அடுத்த பக்கத்துக்குப் போனாள். தாலி கட்டும் படம் வந்ததும் நின்றாள். விரலை முதலில் தன் முகத்தின்மேல் வைத்தாள். பிறகு பெண்ணின் தோள்மேல் வைத்தாள். ஒரு விரல் அளவு இடம்கூட இல்லை. மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவு கிட்டக்கவா நின்னுண்டிருந்தேன்?" என்று கேட்டாள்.